சித்தப்பாவின் மக்காச்சோளமும் என் மார்க்கர் பேனாவும்

எங்கள் ஆபீஸில் ஒரு மார்க்கர் பேனா வேண்டுமென்றால் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் ஒரு கையெழுத்து என்னுடையது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கம்பி உருட்டும் மில் ஒன்றில் ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட் நான். இந்தப் பரந்த உலகத்தில் எனக்கிருக்கும் ஒரே அதிகாரம் அந்தக் கையெழுத்துதான். (வீட்டில் அதுவும் கிடையாது.)

அதனால், "உங்க சித்தப்பா கேஸுக்கு மார்க்கர்தான் சார் சரியான வழி" என்று ரயில் சிநேகிதர் சொன்னபோது, நான் கேட்டது நியாயமான கேள்விதான்.

"பெர்மனென்ட்டா, ஒயிட்போர்டா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கையிலிருந்த சுட்ட சோளக்கருதைக் கடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "சார்... நான் சொல்றது டி.என்.ஏ. மார்க்கர்!"

சித்தப்பா கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊத்துக்கோட்டைப் பக்கம் அவருக்கு மூணு ஏக்கர். தாத்தா காலத்திலிருந்து நெல்தான். போர் தண்ணி கீழே கீழே போக, ஒரு வருஷம் துணிந்து ஒண்ணரை ஏக்கரில் மக்காச்சோளம் போட்டார். கோழித் தீவனத்துக்கு வியாபாரி வீட்டு வாசலிலேயே வந்து எடுத்துக்கொள்வான், நெல்லில் பாதித் தண்ணி போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னதில் தப்பில்லை. வாங்கின விதையில்தான் கோளாறு.

ஐம்பது நாள் கழித்து நான் போய்ப் பார்க்கிறேன். வயல், எங்கள் ஊர் எலிமெண்டரி ஸ்கூல் பிரேயர் மாதிரி இருக்கிறது. நாலு செடி ஆளுயரம். அஞ்சாவது இடுப்புயரம். மறுபடி நாலு நெட்டை, ஒரு குட்டை. குட்டைச் செடிகளில் கருது பிடித்ததோ, எங்கள் மில் கொடுக்கும் தீபாவளி போனஸ் மாதிரி, இருக்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

"இன்னா சித்தப்பா இது?"

"நானும் அதான்டா கேக்கறேன். உரம் ஒண்ணு, தண்ணி ஒண்ணு, பூமி ஒண்ணு. இது மட்டும் ஏன் இப்படிக் கீது?"

விதை விற்ற கடைக்காரர் (பெயர் வேண்டாம், பாவம்) சொன்ன காரணங்கள்: மண்ணு சரியில்லை, மழை சரியில்லை, நீங்க களை எடுத்த நேரம் சரியில்லை. கடைசியாகச் சித்தப்பா ஜாதகம் சரியில்லை என்று மட்டும்தான் சொல்லவில்லை. சித்தி கழுத்துச் சங்கிலி அடகில் இருந்தது. பக்கத்து வயலில் அப்போதுதான் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டு, பிளாட் போட்டிருந்தார்கள். புரோக்கர் ஒருவர் மோட்டார்பைக்கை வரப்பு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து, "பெரியவரே, நெல்லு சோளம்னு ஏன் கஷ்டப்படறீங்க?" என்று விசாரித்துவிட்டுப் போனாராம். அடுத்த போகமும் இப்படி ஆனால் விற்றுவிடலாம் என்று சித்தப்பா சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதைத்தான் ரயிலில் புலம்பிக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டியில் ஏறி மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்க ஒன்றரை மணி நேரம். மனுஷன் புலம்ப அதைவிடத் தோதான இடம் ஏது? எதிர் சீட் சிநேகிதர் சிப்காட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் க்வாலிட்டி கன்ட்ரோல் பார்க்கிறவர். ஆனால் படித்தது கோயமுத்தூரில், பயிர் உயிர்த் தொழில்நுட்பம். "படிச்சது சோளம், பாக்கறது பெயிண்ட்" என்று அவரே தன்னை அறிமுகம் செய்துகொள்வார். இந்த லைனில் பாதிப் பேர் அப்படித்தான். எங்கள் மில் செக்யூரிட்டி ஒருவர் எம்.ஏ. தத்துவம்!

* * *

கவரைப்பேட்டை தாண்டியதும் அவர் கருதைத் தூக்கிப் பிடித்தார்.

"இதுல ஒவ்வொரு மணிக்கும் ஒரு நூல் உண்டு, பாத்திருக்கீங்களா? உரிக்கும்போது பட்டு மாதிரி வருமே, அது. மக்காச்சோளத்துக்கு ஆண் பூ தலையில, பெண் பூ இடுப்புல. மேலேர்ந்து விழற மகரந்தத் தூள் ஒண்ணு ஒரு நூலைப் புடிச்சா, ஒரு மணி. நூல் மிஸ் ஆனா அந்த இடம் பொக்கை."

கலப்பின விதை தயாரிப்பதென்றால், ஒரு வயலில் அப்பா வரிசை, அம்மா வரிசை என்று நடுவார்கள். அம்மா வரிசைச் செடிகளின் தலையில் இருக்கும் ஆண் பூவை, அது தூள் விடுவதற்கு முன்னால் பிடுங்கிப் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் அம்மா கருதில் விழுவது அப்பா தூளாக இருக்கும். பிடுங்குகிற ஆள் அன்றைக்கு டீ குடிக்கப் போய்விட்டாரென்று வையுங்கள். அம்மாச் செடி தன் தூளைத் தானே வாங்கிக்கொள்ளும். அந்த மணி கலப்பினமே இல்லை. ஆனால் பார்க்க அச்சு அசலாக அதே மணி! முளைத்து வளர்ந்த பிறகுதான் குட்டை, சோனி என்று சாயம் வெளுக்கும்.

"அப்ப சித்தப்பா வயல்ல அஞ்சுக்கு ஒண்ணு..."

"அநேகமா அம்மாவோட தனிக் குழந்தை. லேப்ல பாத்திருந்தா ரெண்டு மூணு நாள்ல சொல்லியிருக்கலாம்."

பாருங்கள், எங்கள் மில்லில் ஒரு சமாசாரம் உண்டு. இரண்டு கம்பியைப் பக்கத்தில் வைத்தால் பிரம்மாவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கட்டிலும் ஒரு தகடு தொங்கும். அதில் ஹீட் நம்பர் இருக்கும். எந்த உலையில், எந்தத் தடவை உருக்கினது என்று அந்த நம்பர் சொல்லிவிடும். தகடு தொலைந்துபோனால் ஸ்பெக்ட்ரோ மெஷினில் ஒரு பொறி பறக்க வைத்தால் போதும். கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று ஒரு நிமிஷத்தில் வண்டவாளம் வெளியே வந்துவிடும். செடிக்கும் அப்படி ஒரு ஹீட் நம்பர் உள்ளேயே அடித்திருக்கிறது என்றார் சிநேகிதர். அதுதான் டி.என்.ஏ. மார்க்கர்.

டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்தில் எழுதின மகாபாரதம். சில இடங்களில், எழுதினவர் தூங்கிவிட்ட மாதிரி, 'சிடி சிடி சிடி சிடி' என்று ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும். ரயில் தண்டவாளச் சத்தம் மாதிரி. ஒரு ரகத்தில் அது பன்னிரண்டு தடவை வரும், இன்னொரு ரகத்தில் பதினைந்து தடவை. இதனால் செடிக்கு லாபமோ நஷ்டமோ பெரும்பாலும் இல்லை. ஆனால் ஆள் அடையாளத்துக்குப் பிரமாதம். இந்த இடங்களுக்கு மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். எஸ்.எஸ்.ஆர். என்றும் சொல்வார்கள்.

ஒரு துளி இலையில் இருக்கும் டி.என்.ஏ.வை வைத்துக்கொண்டு எப்படி எண்ணுவது? அதற்குத்தான் பி.சி.ஆர். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டார்களே, அதே பி.சி.ஆர்.தான். 1983-ல் கேரி முல்லிஸ் என்ற அமெரிக்கருக்கு இந்த யோசனை தோன்றியது, 1993-ல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது. வேண்டிய இடத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுப்பது. ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். முப்பது சுற்று முடிந்தால் 107 கோடி காப்பி! எங்கள் ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷின் மூணாவது காப்பியில் பேப்பரைத் தின்றுவிடும் என்பது வேறு விஷயம்.

பிறகு அந்தக் காப்பிகளை ஜெல்லி மாதிரி ஒரு பலகையில் விட்டு, மின்சாரம் கொடுத்து ஓட விடுவார்கள். சின்னத் துண்டு வேகமாக ஓடும், பெரிசு பின்தங்கும். சென்ட்ரல் சப்வேயில் ஆபீஸ் நேரத்தில் ஒல்லியான பையன் புகுந்து புகுந்து முன்னால் போய்விடுவான், நம்மைப் போல் தொப்பையும் டிபன் கேரியருமாக வருகிறவர் பின்னால் நிற்பார் இல்லையா, அந்தக் கணக்கு. கடைசியில் அவரவர் நின்ற இடத்தில் ஒரு கோடு தெரியும். அப்பாவுக்கு ஓர் இடத்தில் கோடு, அம்மாவுக்கு வேறு இடத்தில் கோடு. நிஜமான கலப்பினம் என்றால் இரண்டு கோடும் இருக்கும். அம்மா கோடு மட்டும்தான் என்றால்... சித்தப்பா வயலில் குட்டைச் செடி!

பழைய முறையில் என்ன செய்வார்கள் தெரியுமா? விதையில் கொஞ்சம் எடுத்து நட்டுப் பூக்கிற வரைக்கும் காத்திருந்து, நெட்டை எத்தனை குட்டை எத்தனை என்று எண்ணுவார்கள். ஒரு போகமே போய்விடும். மார்க்கரில் குருத்து முளைத்தால் போதும், ஒரு கிள்ளு இலையில் வேலை முடிந்தது.

"இது பி.டி. கத்திரிக்கா மாதிரி எதாவது உள்ளே நுழைக்கிற சமாசாரமா?" என்று நான் கேட்டேன். வாட்ஸ்அப்பில் நானும் படிக்கிறேனே!

"நுழைக்கறது இல்ல சார், படிக்கறது மட்டும்தான். ரேஷன் கார்டைப் படிச்சா குடும்பத்துல ஆள் கூடிடுமா?"

* * *

இதற்குள் பொன்னேரி வந்துவிட்டது. சுண்டல்காரர் ஏறினார். சிநேகிதர் சூடுபிடித்துவிட்டார்.

நம்ம ஊரில் சோளக்கருது என்று சுட்டு விற்பது உண்மையில் சோளமே இல்லை. சோளம் நம் பாட்டிமார் களி கிண்டினது. இது மக்காச்சோளம், சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே டியோசின்டே என்று ஒரு காட்டுப்புல் இருக்கிறது. அதன் கருதில் பத்துப் பன்னிரண்டு மணி இருந்தால் அதிசயம், அதுவும் பல்லை உடைக்கிற ஓடு. 'இதுவா மக்காச்சோளத்துக்குத் தாத்தா?' என்று விஞ்ஞானிகள் வெகுகாலம் அடித்துக்கொண்டார்கள். 2002-ல் ஒரு கோஷ்டி, அமெரிக்கக் கண்டம் முழுவதிலுமிருந்து மக்காச்சோளமும் டியோசின்டேயுமாக 264 செடிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 99 மைக்ரோசாட்டிலைட் இடங்களை எண்ணிப் பார்த்தது. தெற்கு மெக்சிகோவில், சுமார் 9,000 வருஷம் முன்னால், ஒரே ஒரு தடவைதான் இந்தப் புல் பயிராக மாற்றப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது. உலகத்தில் இருக்கிற அத்தனை மக்காச்சோளமும், பாப்கார்ன் உள்பட, ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றாலும் இத்தனை ஆயிரம் வருஷத்தில் பங்காளி, தாயாதி என்று தூரம் போய்விட்டார்கள். அந்தத் தூரம்தான் இங்கே பணம். தூரத்து உறவுகளைக் கலந்தால் பிள்ளை திடமாக வரும். நெருங்கின உறவைக் கலந்தால் பெரிய பலன் இருக்காது. முன்பெல்லாம் கலப்பு செய்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் கலந்து, விதைத்து, அறுத்துப் பார்த்துத்தான் ஜோடியைக் கண்டுபிடித்தார்கள். இப்போது மார்க்கர் கோடுகளை ஒப்பிட்டு, எது யாருக்குப் பங்காளி என்று முதலிலேயே குடும்ப மரம் போட்டுவிடலாம்.

"கல்யாணப் புரோக்கர் கோத்திரம் விசாரிக்கற மாதிரி" என்றேன்.

"அதேதான். ஆனா கோத்திரம் வேறன்னா கல்யாணம் நல்லா நடக்கும்னு கேரண்டி இல்லையே? அது மாதிரி, தூரம் அதிகம்னா மகசூல் அதிகம்னு மார்க்கர் சத்தியம் பண்ணாது. வயல்ல போட்டுப் பாத்தே ஆகணும். பெண் பார்க்கப் போற வீட்டு எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவுதான்."

எனக்குக் கல்யாணத்துக்கு முன் பதினேழு வீட்டில் பஜ்ஜி சாப்பிட்ட அனுபவம் உண்டு. அந்த எண்ணிக்கை குறைவதன் அருமை எனக்குத் தெரியும்.

"எல்லாம் சரி, தூரம் தூரம்னு ஏன் இவ்வளவு அலட்டிக்கணும்? ஒரு நல்ல ரகம் கிடைச்சா எல்லாரும் அதையே போட்டுட்டுப் போகலாமே?"

அவர் திருப்பிக் கேட்டார்: "உங்க கேன்டீன்ல சாம்பார் கெட்டுப்போச்சுன்னு ஒரு தடவை சொன்னீங்களே, என்ன ஆச்சு?"

என்ன ஆச்சா? எல்லோருக்கும் ஒரே அண்டா. ஏ ஷிப்ட் மொத்தமும் பாத்ரூம் வாசலில் க்யூ. வீட்டுச் சாப்பாடு கொண்டு வந்த நாலு பேர்தான் அன்றைக்கு மில்லை ஓட்டினார்கள்.

1970-ல் அமெரிக்காவில் நடந்தது அதுதான். ஆண் பூவைப் பிடுங்கக் கூலி ஆகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளை லீவில் கூட்டி வந்து பிடுங்க வேண்டியிருக்கிறது என்று விதைக் கம்பெனிகளுக்கு அலுப்பு. டெக்சாஸில் ஒரு மக்காச்சோளம் கிடைத்தது. அதன் ஆண் பூ தானாகவே மலடு. பிடுங்கவே வேண்டாம்! அந்தக் குணம் தாய் வழியாக மட்டும் போகும். ஆளாளுக்கு அந்த ஒரு தாயையே வாங்கிக்கொண்டார்கள். பெயர் வேறு, கம்பெனி வேறு, பைக் கலர் வேறு, உள்ளே தாய் ஒன்று. 1970-ல் அமெரிக்க மக்காச்சோளத்தில் சுமார் 85 சதவீதம் அப்படி. அந்தத் தாய்க்கு மட்டும் ஒத்துக்கொள்ளாத ஒரு இலைக்கருகல் பூஞ்சை, ஃப்ளோரிடாவில் ஆரம்பித்துக் காற்றோடு வடக்கே ஏறியது. அந்த வருஷ விளைச்சலில் சுமார் 15 சதவீதம் காலி. நஷ்டம் நூறு கோடி டாலர் என்று கணக்குச் சொன்னார்கள். கொடுமை என்னவென்றால், அந்த வகை இந்த நோய்க்கு வளைந்துகொடுக்கிறது என்று 1960-களின் தொடக்கத்திலேயே பிலிப்பைன்ஸிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. ஃபைலில் தூங்கியிருக்கிறது. உலகத்தில் எல்லா ஆபீஸும் ஒரே மாதிரிதான்!

* * *

மீஞ்சூர் தாண்டும்போது அவர் சொன்ன விஷயம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"சார், நீங்க மெக்சிகோ, அமெரிக்கான்னு வாயைப் பொளக்கறீங்க. உங்க ஜில்லாவுலயே ஒரு மகாராஜா இருந்திருக்காரு தெரியுமா? டி.கே.எம். ஆறு!"

எனக்குச் சட்டென்று தாத்தா ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் 'ஆறாம் நம்பர்' என்று ஒரு நெல்லைச் சொல்வார்கள். ஏதோ கடை நம்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டி.கே.எம். என்றால் திரூர்குப்பம். அரக்கோணம் லைனில் செவ்வாப்பேட்டைப் பக்கம், திரூரில் இருக்கிற நெல் ஆராய்ச்சி நிலையம். இன்றைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. 1950-களில் அங்கிருந்து வந்த ரகம் அது. அதன் அப்பா அம்மா கோ 18, ஜி.ஈ.பி. 24. இரண்டுமே கோயமுத்தூர் சரக்கு. இந்த ஜி.ஈ.பி. என்பதன் விரிவு என்ன தெரியுமா? கவர்ன்மென்ட் எகனாமிக் பொட்டானிஸ்ட். ஓர் அரசாங்கப் பதவியின் பெயர்! 1921-ல் வெளிவந்த நெல்லுக்கு டெசிக்னேஷனையே பெயராக வைத்துவிட்டார்கள். 'ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட் 24' என்று ஒரு நெல் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தேன். சோறு வேகுமா என்பது சந்தேகம்.

டி.கே.எம். 6-க்குக் குருத்துப்பூச்சியைத் தாங்குகிற சக்தி இருந்தது. அதனால் பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சிக் கழகத்தார் அதை எடுத்துக் கலந்து, 1969-ல் ஐ.ஆர். 20 என்று வெளியிட்டார்கள். ஐ.ஆர். இருபது! நம் வீடுகளில் எத்தனை வருஷம் பொங்கினது! நாம் அதைப் பிலிப்பைன்ஸ் நெல் என்று நினைத்துக்கொண்டிருக்க, அதில் ஒரு பக்கம் செவ்வாப்பேட்டைக்காரன். அடுத்து 1976-ல் குர்தேவ் குஷ் என்ற பஞ்சாப்காரர் அதே இடத்தில் ஐ.ஆர். 36-ஐக் கொண்டு வந்தார். அதன் குடும்ப மரத்திலும் டி.கே.எம். 6 உண்டு. 1980-களில் உலகத்தில் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் ஹெக்டேரில் ஐ.ஆர். 36 நின்றது. அதற்குப்பின் 1985-ல் வந்த ஐ.ஆர். 64-லும் அதே வழி ரத்தம்.

குருத்துப்பூச்சிக்காகக் கூட்டிக்கொண்டு போனவன், சட்டைப் பையில் இன்னொன்றையும் கொண்டு போயிருக்கிறான். பாக்டீரியா இலைக்கருகலைத் தடுக்கிற ஜீன். எக்ஸ்.ஏ. 4 என்று பெயர். பிற்பாடு மார்க்கரை வைத்துத் தேடி, அது நெல்லின் பதினோராவது குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது என்று பிடித்தார்கள். 2017-ல் சீன விஞ்ஞானிகள் அந்த ஜீனைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, நோயைத் தடுப்பதோடு தண்டின் செல் சுவரையும் அது கெட்டிப்படுத்துகிறது என்று தெரிந்தது. எங்கள் மில் பாஷையில், கூடுதல் ஸ்ட்ரெங்த் கம்பி!

இங்கேயும் கேன்டீன் அண்டா கதை உண்டு. எக்ஸ்.ஏ. 4 நல்ல ஜீன் என்று எல்லா ரகத்திலும் அதையே வைத்தார்கள். 1970-களில் பிலிப்பைன்ஸ் வயல்களில் அந்தப் பூட்டைத் திறக்கத் தெரிந்த பாக்டீரியா பெருகிவிட்டது. ஒரே பூட்டு என்றால் ஒரே சாவி போதுமே! சரி, மூன்று பூட்டுப் போடலாம் என்றால் அதில் ஒரு சிக்கல். ஒரு ஜீன் நோயைத் தடுத்துவிட்டால், செடி பச்சென்று நிற்கும். இரண்டாவது, மூன்றாவது ஜீன் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? எந்த விவசாயிக்கும், எந்த விஞ்ஞானிக்கும் முடியாது. கோட்டைப் பார்த்தால்தான் தெரியும். அப்படி மார்க்கரை வைத்து மூன்று ஜீனையும் சம்பா மசூரியில் அடுக்கி, 2008-ல் ஹைதராபாத் ஆட்கள் மேம்படுத்திய சம்பா மசூரி என்று வெளியிட்டார்கள். மூன்றில் ஒன்று ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. அதே 2008-ல்தான் அல்மோராவில் மக்காச்சோளத்துக்கும் செய்தார்கள். விவேக் க்யூ.பி.எம். 9 என்று பெயர். சாதாரண மக்காச்சோளத்தில் குறைவாக இருக்கும் லைசின், டிரிப்டோபன் என்ற புரதச் சத்துகளைக் கூட்டுகிற ஜீனை, மார்க்கர் பார்த்துப் பார்த்தே உள்ளே கொண்டு வந்தார்கள்.

திருவொற்றியூர் தாண்டியதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு விஷயம் உறுத்தியது. தாத்தா வயலில் நின்ற அந்த ஆறாம் நம்பர் இப்போது எங்கள் ஊரில் ஒரு பிடி கிடையாது. ஆராய்ச்சி நிலையக் குளிர் அறையில் இருக்கும், ஆனால் வயலில் இல்லை. வயலே மஞ்சள் கல்லாகிக்கொண்டிருக்கும்போது நெல்லை எங்கே தேடுவது?

* * *

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சிநேகிதர் ஒரு லிஸ்ட் கொடுத்திருந்தார்: பில், விதைப் பை, பையில் தைத்திருக்கும் டேக், மிச்ச விதை ஒரு பிடி. இவை இருந்தால் விதை ஆய்வாளரிடம் போகலாம், நுகர்வோர் கோர்ட்டுக்கே போகலாம். விதை வாங்கின விவசாயியும் நுகர்வோர்தான், அங்கே வழக்குப் போடலாம் என்று 2012-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

"சித்தப்பா, பில் கீதா?"

"துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தான். சட்டையோட சேத்து உங்க சித்தி துவைச்சுட்டா."

"பை?"

ஆட்டுக் கொட்டகையைக் காட்டினார். மழைச் சாரல் அடிக்காமல் இருக்கப் பையைப் பிரித்துக் கட்டியிருந்தது. லாட் நம்பர் இருக்க வேண்டிய இடத்தை வெயில் பாதியும் ஆடு மீதியுமாகச் சாப்பிட்டிருந்தன.

"டேக்?"

"அதென்னாது? நீலமா ஒண்ணு இருந்தாத்தான் சர்ட்டிபிகேட் விதைன்னு சொல்லுவாங்க. இதுல நீலமே இல்லடா."

"மிச்ச விதை?"

சித்தி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "கோழிக்குப் போட்டேம்பா. அதுங்க மட்டும் ஒண்ணும் குறை சொல்லலை!"

கேஸ் அங்கேயே முடிந்தது. கடைக்காரரிடம் நான் போய்ச் சத்தம் போட்டதில், பாதிப் பணத்துக்கு உரம் தருகிறேன் என்றார். சித்தப்பா உரம் வாங்கிக்கொள்ளவில்லை. "அவன் குடுக்கற உரத்துல இன்னா கலந்திருப்பானோ!" என்றார். அடகிலிருந்த சங்கிலியை மீட்க, நான் பி.எஃப்.பில் லோன் போட்டேன். அது வேறு கதை, என் மனைவி இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஆனால் புரோக்கர் மறுபடி வந்தபோது சித்தப்பா, "இன்னும் ஒரு போகம் பாக்கறேன் நைனா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். காரணம் நான் சொன்ன டி.கே.எம். 6 கதையா என்று கேட்டேன். "அந்தக் கதையா? உங்க தாத்தா நெல்லு ஊரு ஊரா சுத்தியிருக்குன்னா எனக்கு சந்தோஷம்தான். ஆனா கதை சோறு போடுமா? போர்ல இன்னும் தண்ணி கீது, அதான்" என்றார். மறுநாள் செவ்வாப்பேட்டை பஸ் எத்தனை மணிக்கு என்று சித்தியிடம் விசாரித்தாராம். இப்போது ஒரு ஏக்கரில் திரூரிலிருந்து வந்த டி.கே.எம். 13 போட்டிருக்கிறார். 2015-ல் வந்த ரகம். மீதி அரை ஏக்கரில் பிடிவாதமாக மறுபடி மக்காச்சோளம், இந்தத் தடவை வேறு கடை, நீல டேக்.

போன வாரம் போயிருந்தபோது டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். பட்டா, ரேஷன் கார்டு, கல்யாணப் போட்டோ, அதன் மேல் ஜவுளிக் கடைக் கவரில் மடித்து வைத்த பில், நீல டேக், ஒரு பிடி விதை.

"பேப்பர் தொலைஞ்சுடும்டா. லாட் நம்பரைச் செவுத்துலயும் எழுதி வெச்சுடலாம்னு பாக்கறேன். உங்க ஆபீஸ்ல ஏதோ மார்க்கர் கீதுன்னியே, அழியாதது?"

மூன்று கையெழுத்தும் முறைப்படி வாங்கி, காசும் கட்டி, ஒரு கறுப்பு பெர்மனென்ட் மார்க்கர் கொண்டு போய்க் கொடுத்தேன். காலண்டருக்கு மேலே, சித்தி கஷ்டப்பட்டு அடித்த வெள்ளைச் சுவரில், சித்தப்பா நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். மொத்தம் பதினோரு எழுத்து. ஏழாவது எழுத்தில் மார்க்கர் தீர்ந்துவிட்டது.

சித்தப்பா பேனாவை உதறினார், வாயால் ஊதினார், என்னைப் பார்த்தார்.

"இதை எந்தக் கடையிலடா வாங்கறீங்க? பில் வெச்சிருக்கியா?"